மேயர் பதவியில பவர் இல்ல, அவர்கிட்ட இருந்துச்சு: சிகாகோவை 21 வருஷம் வச்சிருந்த ரிச்சர்ட் டேலி

முதல்ல ஒரு விஷயத்தை சொல்லிடுறேன், இது தெரியாம டேலி கதையைப் படிச்சா பாதி புரியாது. சிகாகோவுல அப்ப சட்டப்படி பாத்தா மேயருக்கு பெருசா அதிகாரமே இல்ல. 50 வார்டு, 50 கவுன்சிலர், ஏட்டுல எழுதியிருக்கிறபடி கவுன்சில்தான் ராஜா, ஸ்கூலுக்கு தனி போர்டு, பார்க்குக்கு தனி போர்டு, பஸ்ஸு ரயிலுக்கு தனி போர்டு, கோர்ட்டு ஜெயிலு பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கையில. இப்படி ஒரு பதவியில உக்காந்துகிட்டு 1955ல இருந்து 1976 டிசம்பர்ல சாகுற வரைக்கும் ஒரு மனுஷன் அந்த ஊரை உள்ளங்கையில வச்சிருந்தாரு, ஜனாதிபதி ஆகணும்னு நினைக்கிறவன் எல்லாம் அவரை வந்து பாத்துட்டுப் போனான். எப்படி முடிஞ்சுது?

அவருக்கு ஒரு நாற்காலி இல்ல, ரெண்டு நாற்காலி. ஒண்ணு மேயர். இன்னொண்ணு, சிகாகோ இருக்குற குக் கவுண்டியோட டெமாக்ரடிக் கட்சித் தலைவர். ரெண்டாவதுதான் நிஜமான நாற்காலி, மேயர் பதவி அதுக்கு ஒரு ஆபீஸ் ரூம் மாதிரின்னு வச்சுக்கோங்க. 1955 எலெக்‌ஷன்ல நிக்கும்போது மேயர் ஆனா கட்சிப் பதவியை விட்டுடுறேன்னு சொன்னாரு. கடைசி வரைக்கும் விடல.

ரிச்சர்ட் ஜே டேலி 1902 மே 15ல பிரிட்ஜ்போர்ட்ங்கிற ஏரியாவுல பிறந்தாரு. சிகாகோவோட தெற்குப் பக்கம், ஐரிஷ் தொழிலாளிங்க நிறைஞ்ச இடம், பக்கத்துலயே யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ், அதாவது அமெரிக்கா பூரா இறைச்சி அனுப்பின பிரம்மாண்டமான மாட்டுச் சந்தையும் அறுப்புக் கூடங்களும், காத்து அடிச்சா நாத்தம் வீட்டுக்குள்ள வரும். அப்பா தகரம் அடிக்கிற தொழிலாளி, வீட்டுக்கு ஒரே பிள்ளை. டி லா சால்னு ஒரு கத்தோலிக்க ஸ்கூல், அங்க டைப்பிங், கணக்கு எழுதுறது இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, இந்த கணக்கு எழுதுற பழக்கத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. பகல்ல ஸ்டாக் யார்ட்ஸ்ல வேலை, ராத்திரி டிபால் யுனிவர்சிட்டியில சட்டம், பத்து வருஷத்துக்கு மேல இழுத்து 1933ல டிகிரி வாங்கினாரு. பிரில்லியன்ட் எல்லாம் இல்ல, ஆனா விடாம உக்காந்து முடிக்கிற ஆளு. கூட இருந்த அழகான, பேச்சுத் திறமை உள்ள பசங்க எல்லாம் குடியிலயும் வேற வம்புலயும் போயிட்டாங்க, இவரு ஆபீஸ்ல பட்ஜெட் பேப்பரைப் படிச்சுகிட்டு இருந்தாரு.

ஒரு கறுப்புப் புள்ளியும் இங்கயே இருக்கு. அந்த ஏரியாவுல ஹாம்பர்க் அத்லெடிக் கிளப்னு ஒண்ணு, பேருக்கு விளையாட்டு கிளப், நடைமுறையில பாதி அரசியல் பாதி அடிதடி. 1919 ஜூலையில சிகாகோவுல பெரிய இனக் கலவரம், 38 பேர் செத்தாங்க, அதுல 23 பேர் கறுப்பின மக்கள், இந்த மாதிரி ஐரிஷ் கிளப் பசங்க அதுல முன்னாடி நின்னாங்கன்னு அப்பவே விசாரணையில வந்துச்சு. டேலிக்கு அப்ப 17 வயசு, அந்த கிளப்ல மெம்பர், அப்புறம் 1924ல இருந்து பதினஞ்சு வருஷம் போல தலைவர். அந்த ஒரு வாரம் நீங்க எங்க இருந்தீங்கன்னு வாழ்நாள் பூரா கேட்டாங்க, அவரு இருந்தேன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.

அரசியல்ல நுழைஞ்ச விதம் சிரிப்பா இருக்கும். 1936ல அவரோட ஏரியாவுல ரிபப்ளிகன் எம்எல்ஏ வேட்பாளர் எலெக்‌ஷனுக்கு கொஞ்ச நாள் முன்னாடி செத்துட்டாரு, வாக்குச் சீட்டை மாத்த நேரமில்ல, டெமாக்ரடிக் ஆளுங்க தங்களோட வோட்டர்கள்கிட்ட டேலி பேரை கையால எழுதிப் போடச் சொன்னாங்க, ஜெயிச்சுட்டாரு, ஆனா ரிபப்ளிகன் சீட்டுல. வாழ்நாள் பூரா டெமாக்ரடிக் கட்சின்னு சத்தியம் பண்ண மனுஷன் முதல் எலெக்‌ஷன் எதிர்க்கட்சிப் பேருல. அப்புறம் ஸ்டேட் செனட், 1946ல கவுண்டி ஷெரிஃப் பதவிக்கு நின்னு தோத்தாரு, அதுதான் வாழ்க்கையிலயே ஒரே தோல்வி. கவர்னர் அட்லாய் ஸ்டீவன்சன்கிட்ட வரித்துறை டைரக்டர், 1950ல கவுண்டி கிளார்க், 1953ல கட்சித் தலைவர். பாருங்க, எல்லாமே காசு, கணக்கு, லிஸ்ட் புழங்குற பதவிகள். மேடைப் பேச்சுக்காக யாரும் இவரை வளர்க்கல, பேசினா வாய் குழறும், வார்த்தை மாறும்.

இப்ப மெஷினுக்கு வருவோம். சிகாகோ மெஷின்னு எல்லாரும் சொல்றாங்களே, வேலையும் உதவியும் குடுத்து வோட்டு வாங்குற கட்சி அமைப்பு, அது டேலி கண்டுபிடிச்சது இல்ல, 1930கள்ல ஆன்டன் செர்மாக்ங்கிற மேயர் ஐரிஷ், போலந்து, செக், யூதர், இத்தாலியன்னு சிதறிக் கிடந்த கூட்டத்தை ஒரே கட்சிக்குள்ள கட்டினதுல ஆரம்பிச்சது. டேலி பண்ணது அதை கடைசி ஸ்க்ரூ வரைக்கும் டைட் பண்ணது.

வேலை செய்யிற விதம் இதுதான். ஒவ்வொரு வார்டும் பல பிரீசிங்டா பிரிஞ்சிருக்கும், நம்ம பூத் மாதிரி, ஊர் பூரா மூவாயிரத்துக்கு மேல. ஒரு பூத்துல ஒரு நானூறு ஐந்நூறு வோட்டர். அதுக்கு ஒரு பிரீசிங்ட் கேப்டன். இவருக்கு சிட்டியிலயோ கவுண்டியிலயோ ஒரு கவர்ன்மென்ட் வேலை இருக்கும், துப்புரவுத் துறை, கோர்ட்டுல டவாலி, வாட்டர் டிபார்ட்மென்ட், இப்படி. வேலை கிடைச்சது பரீட்சை எழுதி இல்ல, வார்டு கட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட சிபாரிசு லெட்டர்ல. அந்த வேலைக்கு விலை என்னன்னா வருஷம் பூரா தன் பூத்துல இருக்குற வீடு வீடாப் போய் யாருக்கு என்ன வேணும்னு தெரிஞ்சு வச்சுக்கணும். ஒரு வீட்டுக்கு குப்பைத் தொட்டி, ஒரு வீட்டு முன்னாடி இருக்குற மரக்கிளையை வெட்டணும், ஒருத்தன் பையனுக்கு லீவுல ஒரு வேலை, ஒருத்தனுக்கு சொத்து வரி அதிகமாப் போட்டுட்டாங்க, ஒரு பாட்டிக்கு ஆஸ்பத்திரியில இடம். இதெல்லாம் அவங்க குடியிருக்கிற ஊர்ல நியாயமா கேக்காமலே கிடைக்க வேண்டியதுதான், ஆனா கேப்டன் மூலமா வந்தா அது உதவி, உதவிக்கு ஒரு கடன், கடனுக்கு எலெக்‌ஷன் அன்னிக்கு வசூல். பூத்துல வோட்டு குறைஞ்சா கேப்டன் வேலை போகும். பூத்துங்க குறைஞ்சா வார்டு தலைவர் கையில இருக்குற வேலைகளோட எண்ணிக்கை குறையும். அதை யார் கூட்டிக் கழிச்சுப் பாக்குறது? டேலி. மொத்தம் முப்பதாயிரத்துக்கும் மேல இப்படிப்பட்ட வேலைகள் இருந்துச்சுன்னு சொல்லுவாங்க, அதுல எந்த வார்டுக்கு எத்தனைங்கிற கணக்கு அவர் தலையில. தன்னோட 11வது வார்டுக்கு தாராளமாவே போச்சுங்கிறதையும் சொல்லணும்.

இதுல லஞ்சத்தைத் தேடாதீங்க, அது கீழ இருந்துச்சு, நிறையவே, ஆனா டேலி பாக்கெட்டுக்குப் போனதுன்னு யாரும் நிரூபிச்சதில்ல, அவர் மேல ஒரு கேஸும் இல்ல. பிறந்த தெருவுக்குப் பக்கத்துலயே, சவுத் லோ அவென்யூவுல, 1939ல கட்டின ஒரு சாதாரண செங்கல் வீடு, சாகுற வரைக்கும் அதுதான். மனைவி எலினோர், ஏழு பிள்ளைங்க, தினமும் காலையில சர்ச்சு, சாயங்காலம் யாராவது கட்சிக்காரன் வீட்டு சாவுக்கு போய் தலையைக் காட்டுறது. அவருக்கு காசு வேணாம், கணக்கு வேணும். (இருந்தாலும் 70கள்ல சிட்டியோட இன்ஷூரன்ஸ் பிசினஸ் அவர் பையன் சேர்ந்த கம்பெனிக்குப் போனப்ப, அப்பா பிள்ளைக்கு உதவாம யாருக்கு உதவுறதுங்கிற தொனியில கோபமா பேசினாரு, அதுல தப்பு இருக்குன்னே அவருக்குத் தோணல, அதுதான் அந்த ஆளு.)

1955க்கு முன்னாடி மேயரா இருந்தவர் மார்டின் கென்னலி, கொஞ்சம் நேர்மையான பிசினஸ்மேன், பரீட்சை வச்சு ஆள் எடுக்கணும்னு ஆரம்பிச்சாரு, கட்சிக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. கட்சி அவருக்கு சீட் குடுக்கல, டேலியை நிறுத்துச்சு. பிப்ரவரி பிரைமரியில, அதாவது கட்சிக்குள்ளயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல்ல, டேலி கென்னலியை சுமார் ஒரு லட்சம் வோட்டுல ஜெயிச்சாரு, அதுல பெரும்பங்கு தெற்குப் பக்க கறுப்பின வார்டுகள்ல இருந்து வந்துச்சு, அங்க வில்லியம் டாசன்ங்கிற கறுப்பின காங்கிரஸ்மேன் (நம்ம எம்பி மாதிரி) மெஷினுக்குள்ளயே ஒரு குட்டி மெஷின் வச்சிருந்தாரு. ஏப்ரல்ல மேயர் தேர்தல்ல ரிபப்ளிகன் வேட்பாளர் ராபர்ட் மெரியமை ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் போல வித்தியாசத்துல தோக்கடிச்சாரு. அன்னிக்கு ராத்திரி பேடி பாலர்ங்கிற ஒரு கவுன்சிலர், சலூன் வச்சிருந்த ஆளு, சிகாகோ இன்னும் சீர்திருத்தத்துக்கு ரெடி ஆகலன்னு கத்தினது அந்த ஊர்ல பழமொழியாவே ஆயிடுச்சு. ஆனா அந்த பாலர் மாதிரி ஆளுங்களுக்குத்தான் முதல் ஆப்பு. பட்ஜெட் தயாரிக்கிற அதிகாரத்தை கவுன்சில்கிட்ட இருந்து டேலி மேயர் ஆபீசுக்கு இழுத்துகிட்டாரு, கவுன்சிலருங்க அதுக்கும் கையைத் தூக்கினாங்க, ஏன்னா அவங்களுக்கு சீட் குடுக்கிறது யாரு? கட்சித் தலைவர். யாரு கட்சித் தலைவர்? இப்ப புரியுதா ரெண்டு நாற்காலி.

அப்புறம் ஊரைக் கட்டினாரு, அதை மறுக்க முடியாது. ஓஹேர் ஏர்போர்ட், மெக்கார்மிக் பிளேஸ், ஊரைச் சுத்தி எக்ஸ்பிரஸ்வேக்கள் (1956 சட்டப்படி ஹைவே செலவுல 90 சதவீதம் வாஷிங்டன் குடுத்துச்சு), இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டிக்கு ஊருக்குள்ள ஒரு கேம்பஸ், 1973ல உச்சியைத் தொட்ட 110 மாடி சியர்ஸ் டவர், 1967ல பிக்காசோ சிலை. சந்துக்கு சந்து லைட்டு, பனி அள்ளுறது, குப்பை அள்ளுறது எல்லாம் நேரத்துக்கு நடந்துச்சு. 1975ல நியூயார்க் திவாலாகுற நிலைமைக்குப் போனப்ப சிகாகோ கடன் பத்திரத்துக்கு நல்ல ரேட்டிங். ஒழுங்கா ஓடுற ஊருன்னு பேரு வந்ததே இதுலதான். இதுல பாதி நிஜம், பாதி கணக்குல இருக்கு, நியூயார்க் சிட்டி தன் தலையிலயே ஸ்கூல், ஆஸ்பத்திரி, வெல்ஃபேர் எல்லாத்தையும் சுமந்துச்சு, சிகாகோவுல அதெல்லாம் வேற வேற போர்டு, கவுண்டி, ஸ்டேட் புக்குல போயிடும், அதனால சிட்டியோட புக்கு சுத்தமா இருக்கும். மேயரை பலவீனமாக்குறதுக்காக பிரிச்சு வச்ச அதே அமைப்பு அவருக்கு இப்படியும் உதவுச்சு.

1960 எலெக்‌ஷனைப் பத்தி பேசாம இருக்க முடியாது, டேலின்னாலே எல்லாரும் கேக்குறது அதுதான், செத்தவங்க வோட்டுப் போட்டாங்களாமேன்னு. இல்லினாய்ஸ்ல கென்னடி நிக்சனை ஜெயிச்சது வெறும் 8,858 வோட்டுல, சிகாகோ நகரத்துல மட்டும் நாலரை லட்சம் லீடு. கள்ள வோட்டு நடந்துச்சா? நடந்துச்சு, அந்த ஊர்ல எல்லா எலெக்‌ஷன்லயும் நடந்துச்சு. அதனாலதான் கென்னடி ஜனாதிபதி ஆனாரான்னா, கணக்கைப் பாருங்க, கென்னடிக்கு 303 எலெக்டோரல் வோட்டு (ஜனாதிபதியைத் தீர்மானிக்கிற, மாநிலவாரியா பிரிச்ச வோட்டு), இல்லினாய்ஸுக்கு 27, அதைக் கழிச்சாலும் 276, தேவை 269. இல்லினாய்ஸ் மட்டும் போயிருந்தாலும் அவர்தான் ஜனாதிபதி. ஆனா டேலிதான் ஜெயிக்க வச்சாருங்கிற கதையை டேலியும் மறுக்கல, கென்னடியும் மறுக்கல, ரெண்டு பேருக்கும் அது லாபம்.

அந்த லாபம் எப்படி மாத்தப்பட்டுச்சுன்னு ஒரு உதாரணம். சிகாகோவுல கறுப்பினக் குழந்தைங்க படிச்ச ஸ்கூல்கள் நிரம்பி வழிஞ்சுது, பக்கத்து வெள்ளைக்கார ஏரியா ஸ்கூல்ல காலி பெஞ்ச் இருந்துச்சு. அங்க அனுப்புறதுக்குப் பதிலா பெஞ்சமின் வில்லிஸ்ங்கிற ஸ்கூல் சூப்பரின்டென்டென்ட் அந்த ஸ்கூல் கிரவுண்டுலயே தகரக் கொட்டகை மாதிரி வண்டி கிளாஸ்ரூம்களை நிறுத்தினாரு, வில்லிஸ் வேகன்னு மக்கள் பேரு வச்சாங்க. 1963 அக்டோபர்ல ரெண்டு லட்சத்துக்கும் மேல பசங்க ஒரே நாள்ல ஸ்கூலுக்குப் போகாம போராட்டம். 1965ல மத்திய கல்வித்துறை சிகாகோ ஸ்கூல்களுக்கு வர வேண்டிய 3 கோடி டாலருக்கு மேல நிறுத்தி வச்சுது, புதுசா வந்த சிவில் ரைட்ஸ் சட்டத்தை வச்சு. டேலி நேரா ஜனாதிபதி ஜான்சன்கிட்ட போய் கத்தினாரு. சில நாள்ல காசு திரும்ப வந்துடுச்சு. சிவில் ரைட்ஸ் சட்டத்தைக் கொண்டு வந்த அதே ஜான்சன்.

இங்கதான் எனக்கு டேலியோட முழு கதையும் திறக்குது. மெஷினால எதையும் ஒருத்தருக்கு ஒண்ணா குடுக்க முடியும், உனக்கு ஒரு வேலை, உனக்கு ஒரு தொட்டி. யாராவது வந்து இது உதவி இல்ல என் உரிமை, எல்லாருக்கும் சேர்த்துக் குடு, யாரும் யாருக்கும் கடன்படலன்னு சொன்னா மெஷின்ல அதுக்கு பட்டனே இல்ல. 1950ல சிகாகோ ஜனத்தொகை 36 லட்சம், அதுல கறுப்பின மக்கள் 14 சதவீதம் போல, 1970ல ஊரே கொஞ்சம் சுருங்கி 33 லட்சத்து சொச்சம் ஆச்சு, அதுல மூணுல ஒரு பங்கு கறுப்பின மக்கள். தென் மாநிலங்கள்ல இருந்து ரயில் ஏறி வந்தவங்களை ஒரு குறுகலான பட்டைக்குள்ளயே அடைச்சு வச்சிருந்தாங்க, வெளிய வீடு வாங்கினா கல்லு வரும். கவர்ன்மென்ட் குடியிருப்பு எங்க கட்டுறதுன்னு முடிவு பண்ற அதிகாரம் கவுன்சில்கிட்ட, எந்த வெள்ளைக்கார வார்டு கவுன்சிலரும் தன் வார்டுல விடமாட்டான், அதனால எல்லாம் அதே பட்டைக்குள்ள மேல நோக்கி எழும்புச்சு. ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ், 1962ல முடிஞ்சது, 16 மாடிக் கட்டடம் 28, வரிசையா ரெண்டு மைல் நீளத்துக்கு, நாலாயிரத்து முந்நூறுக்கு மேல வீடுகள். பேரு யாரோடதுன்னா, இப்படி ஒரே இடத்துல குவிக்காதீங்கன்னு சண்டை போட்டு 1950ல பதவியை விட்டுப் போன கறுப்பின வீட்டுவசதித் தலைவரோடது, இதைவிட ஒரு கிண்டல் இருக்க முடியாது. அவ்ளோ உயரமா கட்டினதுக்கு மத்திய அரசோட செலவு வரம்பும் காரணம், டேலி மேல மட்டும் போட முடியாது, ஆனா எங்க கட்டினாங்கங்கிறது ஊர் முடிவுதான். 1969ல ஒரு ஃபெடரல் ஜட்ஜு இது இனப் பாகுபாடுன்னு தீர்ப்பு சொன்னாரு, இனி வெள்ளைக்கார ஏரியாவுலயும் கட்டணும்னாரு, சிகாகோ அதுக்கப்புறம் கட்டுறதையே ஏறக்குறைய நிறுத்திடுச்சு. பக்கத்துலயே 14 லேன் டான் ரயன் எக்ஸ்பிரஸ்வே, அது பிரிட்ஜ்போர்ட்டுக்கும் கறுப்பின ஏரியாவுக்கும் நடுவுல மதில் மாதிரி விழுந்துச்சு, அதுக்காகவே வளைச்சாங்கன்னு ரொம்ப பேர் நம்புறாங்க, வரலாற்றாளர்கள் இன்னும் அடிச்சுக்கிறாங்க.

1963ல நேஷனல் அளவுல கறுப்பின அமைப்பு ஒண்ணோட மாநாடு சிகாகோவுல நடந்தப்ப டேலி சிகாகோவுல கெட்டோவே, அதாவது ஒரு இனத்தை மட்டும் ஒதுக்கி அடைச்ச பகுதியே, இல்லன்னு சொன்னாரு. அந்த வாரமே பார்க்குல மேடையில ஏறினவரைப் பேச விடாம கூச்சல் போட்டு இறக்கிட்டாங்க.

1966 ஜனவரியில மார்டின் லூதர் கிங் சிகாகோவுக்கே குடி வந்தாரு, மேற்குப் பக்கம் நார்த் லான்டேல்ல ஒரு இடிஞ்ச அபார்ட்மென்ட். தென் மாநிலங்கள்ல அவருக்கு எதிரா நின்ன போலீஸ் அதிகாரிங்க நாயை விட்டாங்க, தண்ணி பீச்சி அடிச்சாங்க, அது டிவியில வந்து நாடே திரும்பிப் பாத்துச்சு. டேலி அந்தத் தப்பையே பண்ணல. வாங்க, உக்காருங்க, உங்க கவலைதான் எங்க கவலையும்னாரு, எலி ஒழிப்புத் திட்டம், சேரி ஒழிப்புத் திட்டம்னு லிஸ்ட் படிச்சாரு. ஜூலை 10ஆம் தேதி கிங் கொளுத்துற வெயில்ல கூட்டம் போட்டு ஊர்வலமா போய் சிட்டி ஹால் கதவுல கோரிக்கைகளை ஒட்டினாரு. ரெண்டு நாள்ல மேற்குப் பக்கம் கலவரம் வெடிச்சுது, காரணம் என்னன்னா வெயில் தாங்காம பசங்க தெருவுல இருக்குற தீயணைப்புக் குழாயைத் திறந்து குளிச்சாங்க, போலீஸ் வந்து மூடுச்சு. டேலியோட தீர்வு என்ன தெரியுமா? குழாய்களுக்கு ஸ்பிரிங்க்ளர் மாட்டுங்க, பத்து போர்ட்டபிள் நீச்சல் குளம் கொண்டு போய் வைங்க. வீடு கேட்டவனுக்கு நீச்சல் குளம். இதை கிண்டலா பண்ணல, நிஜமாவே அவருக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை அது, ஒருத்தன் கோபமா இருக்கானா, ஏதோ ஒண்ணு அவனுக்குப் போய்ச் சேரலன்னு அர்த்தம்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி மார்க்கெட் (Marquette) பார்க்ங்கிற ஏரியாவுல ஊர்வலம் போன கிங் தலையில கல்லு விழுந்துச்சு, மிசிசிப்பியிலயும் அலபாமாவுலயும்கூட இவ்ளோ வெறுப்பான கூட்டத்தைப் பாக்கலன்னு கிங் சொன்னாரு. அந்தக் கூட்டம் டேலியோட வோட்டர்கள். மாசக் கடைசியில பாமர் ஹவுஸ் ஹோட்டல்ல ஒரு ஒப்பந்தம், எல்லாரும் நல்ல வார்த்தை சொன்னாங்க, கட்டாயப்படுத்துற பல்லு எதுவும் அதுல இல்ல. அடுத்த வருஷம் டேலி 73 சதவீத வோட்டுல ஜெயிச்சாரு, கறுப்பின வார்டுகளும் சேர்த்துத்தான்.

1968 எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதனால வேகமா போயிடுறேன். ஏப்ரல்ல கிங் கொல்லப்பட்டதும் மேற்குப் பக்கம் எரிஞ்சுது. தீ வைக்கிறவனைக் கொல்லவும், கொள்ளையடிக்கிறவனை முடமாக்கவும் சுடச் சொல்லியிருக்கணும்னு டேலி பிரஸ் மீட்ல சொன்னாரு. ஆகஸ்ட்ல டெமாக்ரடிக் கட்சி மாநாடு, வியட்நாம் போரை எதிர்த்து வந்த பசங்களுக்கு ஊர்வலம் போகவும் அனுமதி இல்ல, பார்க்ல படுக்கவும் அனுமதி இல்ல. பன்னெண்டாயிரம் போலீஸ். 28ஆம் தேதி ராத்திரி ஹில்டன் ஹோட்டல் முன்னாடி டிவி லைட்டு வெளிச்சத்துல அடிச்ச அடியை நாடே பாத்துச்சு. உள்ள மாநாட்டுல செனட்டர் ரிபிகாஃப் சிகாகோ தெருவுல கெஸ்டபோ (ஹிட்லரோட ரகசிய போலீஸ்) வேலை நடக்குதுன்னு மேடையில சொல்ல, முன்வரிசையில உக்காந்திருந்த டேலி முகம் சிவந்து கத்தினது கேமராவுல அப்படியே விழுந்துச்சு. பின்னாடி வந்த விசாரணை அறிக்கை இதை போலீஸ் கலவரம்னே எழுதுச்சு. இதுக்கு டேலி குடுத்த விளக்கத்துலதான் அந்த புகழ்பெற்ற வாய்க்குழறல், போலீஸ் இருக்கிறது ஒழுங்கின்மையை உண்டாக்க இல்ல, ஒழுங்கின்மையைக் காப்பாத்தன்னுட்டாரு. ஆனா ஒண்ணு, அப்ப எடுத்த கருத்துக்கணிப்புல பெரும்பான்மை ஜனங்க போலீஸ் பக்கம், 1971ல டேலிக்கு 70 சதவீதம்.

அடி விழுந்தது வேற இடத்துல. அந்த மாநாட்டு அசிங்கத்துக்கு அப்புறம் கட்சி தன் விதிகளை மாத்துச்சு, ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதிகள்ல பெண்கள், இளைஞர், சிறுபான்மையினர் இருக்கணும், நாலு பெரிய தலைங்க ரூமுக்குள்ள உக்காந்து முடிவு பண்ணக்கூடாதுன்னு. 1972 மயாமி மாநாட்டுக்கு டேலி தலைமையில போன 59 பேரை விதியை மீறினாங்கன்னு உக்காரவே விடல, அவங்களுக்குப் பதிலா மெஷினை எதிர்த்த கவுன்சிலர் வில்லியம் சிங்கரும் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனும் கொண்டு வந்த குரூப் உக்காந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி மாநாட்டையே நடத்தின மனுஷனுக்கு உள்ள சீட் இல்ல.

அடித்தளத்தையும் கரையான் அரிக்க ஆரம்பிச்சுது. 1969ல மைக்கேல் ஷாக்மன்ங்கிற ஒரு இளம் வக்கீல், கட்சி வேலை செய்யலன்னு கவர்ன்மென்ட் வேலையைப் பறிக்கிறது அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு கேஸ் போட்டாரு, 1972ல சிட்டியும் கட்சியும் இனி அப்படிப் பண்ணமாட்டோம்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்தாங்க. 1976ல இன்னொரு கேஸ்ல, அதுவும் இதே குக் கவுண்டி ஷெரிஃப் ஆபீஸ் கேஸ், சுப்ரீம் கோர்ட்டே அதைச் சொல்லிடுச்சு. வேலையைப் பறிக்க முடியாதுன்னா கேப்டன் எதுக்கு மழையில வீடு வீடா ஏறுவான்? கூட இருந்தவங்க வேற ஒவ்வொருத்தரா கேஸ்ல மாட்டி குற்றவாளின்னு தீர்ப்பு வாங்கினாங்க, முன்னாள் கவர்னர் ஓட்டோ கெர்னர், பிரஸ் செக்ரட்டரி ஏர்ல் புஷ், கவுன்சில்ல வலது கை டாம் கீன். 1974ல டேலிக்கு ஸ்ட்ரோக்.

இந்தக் காலத்துல நடந்ததுலயே பெரிசு எதுன்னா ரால்ஃப் மெட்காஃப் விலகினது, ஆனா 1968 அளவுக்கு யாரும் இதைப் பேசுறதில்ல. மெட்காஃப் 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் நூறு மீட்டர்ல ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கினவர், அப்புறம் மெஷின்ல கவுன்சிலர், காங்கிரஸ்மேன், இருபது வருஷமா டேலி சொன்னதுக்கு மறுபேச்சு பேசாதவர். கறுப்பின கவுன்சிலர்கள் ஆறு பேரை அந்த ஊர் வாய் திறக்காத ஆறு பேருன்னே கூப்பிட்டுச்சு, அதுல இவரும் ஒருத்தர். 1969 டிசம்பர்ல பிளாக் பேந்தர்ங்கிற தீவிர கறுப்பின அமைப்போட தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன், 21 வயசுப் பையன், தூங்கிட்டு இருந்த வீட்டுல ஸ்டேட்ஸ் அட்டர்னி, அதாவது கவுண்டியோட தலைமை அரசு வக்கீல், ஹன்ரஹான் அனுப்பின போலீஸ் புகுந்து சுட்டுக் கொன்னுச்சு, ஹன்ரஹான் டேலியோட செல்லப்பிள்ளை, அடுத்த வாரிசுன்னே பேச்சு. 1972ல கறுப்பின வார்டுகள் கட்சி சொன்னதைக் கேக்காம ரிபப்ளிகனுக்கு வோட்டுப் போட்டு ஹன்ரஹானைத் தோக்கடிச்சாங்க. அதே வருஷம் மெட்காஃபுக்குத் தெரிஞ்ச ஒரு கறுப்பின பல் டாக்டரை, ஊர்ல மரியாதையான மனுஷன், போலீஸ் ரோட்டுல நிறுத்தி அவமானப்படுத்துச்சு. மெட்காஃப் டேலியை என் ஆபீசுக்கு வந்து பேசுங்கன்னு கூப்பிட்டாரு. டேலி போகல. கறுப்பனாகுறதுக்கு எந்த வயசும் லேட் இல்லன்னு சொல்லிட்டு மெட்காஃப் பிரிஞ்சுட்டாரு. மெஷின் அவர் வார்டுல இருந்த வேலைகளை உருவிகிட்டுச்சு, 1976 பிரைமரியில எதிரா ஆளை நிறுத்துச்சு, மெட்காஃப் சுலபமா ஜெயிச்சாரு. வேலையைப் பிடுங்கியும் வோட்டு போகலங்கிறது மெஷின் கணக்குப் புத்தகத்துலயே இல்லாத ஒண்ணு.

அந்த வருஷம் டிசம்பர் 20, டேலி காலையில அதிகாரிகளோட கிறிஸ்மஸ் பிரேக்ஃபாஸ்ட் முடிச்சு, ஒரு பார்க்ல புது ஜிம்மைத் திறந்து வச்சு, டாக்டரைப் பாக்கப் போன இடத்துல மாரடைப்புல செத்தாரு. 74 வயசு, ஆறாவது டெர்ம் நடுவுல. யாரு அடுத்துன்னு சொல்லி வைக்கல. கவுன்சில் தற்காலிகத் தலைவர் வில்சன் ஃப்ராஸ்ட், கறுப்பினத்தவர், நான்தான் இடைக்கால மேயர்னு சொன்னாரு, மேயர் ஆபீஸ் கதவு பூட்டியிருந்துச்சு, போலீஸ் காவல், சாவியைக் காணோம்னாங்க. சில நாள் பேரத்துல ஃப்ராஸ்டுக்கு ஃபைனான்ஸ் கமிட்டி, மேயர் பதவி டேலி வார்டு கவுன்சிலர் மைக்கேல் பிலாண்டிக்குக்கு, கட்சித் தலைமை ஜார்ஜ் டன்னுக்கு. ரெண்டு நாற்காலியும் பிரிஞ்சுது, திரும்ப ஒரே ஆள்கிட்ட சேரவே இல்ல.

பிலாண்டிக் 1979 ஜனவரி பனியில மாட்டினாரு, ரோடு அள்ளல, கூட்டத்தை சமாளிக்க ரயிலை கறுப்பின ஏரியா ஸ்டேஷன்ல நிக்காம ஓட்டினாங்க, ஒரு மாசத்துல பிரைமரியில ஜேன் பர்ன்கிட்ட தோத்தாரு. 1983ல ஜேன் பர்ன், ஹரோல்ட் வாஷிங்டன்னு ஒருத்தர், டேலியோட மூத்த பையன் ரிச்சர்ட் எம் டேலி, மூணு பேரும் பிரைமரியில. பையன் அப்புறம் 1989ல மேயராகி 22 வருஷம் இருந்து அப்பா ரெக்கார்டையே தாண்டினாரு, அது தனிக் கதை. 1983ல ஜெயிச்சது வாஷிங்டன், 36 சதவீதம், பர்ன் 33, பையன் டேலி 30, வாஷிங்டன் சிகாகோவோட முதல் கறுப்பின மேயர் ஆனாரு. வாஷிங்டனோட அப்பா மெஷின்ல பிரீசிங்ட் கேப்டன், வாஷிங்டனே மெட்காஃபோட மூணாவது வார்டு ஆபீஸ்ல உக்காந்து எந்தத் தெருவுல எத்தனை வோட்டு, யாரு எங்க இருக்காங்கன்னு எண்ணக் கத்துக்கிட்டவரு.